ரெங்கத்தின் இருபத்துநான்கு மணி நேரம்

12 ஜூன் 2025, வியாழன்
குத்துக்கல்வலசை

எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் சாருலதா. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவரை தினமும் எழுதினேன். அது துணை மின்நிலையத்தைப் பற்றி. இது என் மனைவி ரெங்கத்தைப் பற்றி. தலைப்புகளை முதலிலேயே போட்டுக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பயத்தில் எங்கெங்கோ போய்விடுவேன்.

1. ரெங்கத்துக்கு மூன்று தடவை வந்தது என்ன.
2. டாக்டர் கேட்கும் மூத்திரப் பரிசோதனை. அதைத் தப்பில்லாமல் எடுப்பது எப்படி.
3. எதனால் வருகிறது. சாப்பாடு என்பது என் எண்ணம். லைனில் பழுது என்றால் ஒவ்வொரு கிளையாக அணைத்துப் பார்ப்போம். அதுபோல ஒவ்வொரு பண்டமாக நிறுத்த வேண்டும். கத்தரிக்காயில் தொடங்குகிறேன்.
4. இந்த வீட்டில் பயந்தவன் நான் ஒருவன்தான். ரெங்கத்துக்குப் பயம் கிடையாது. ஆகவே அவள் சொல்வதை அப்படியே எழுதலாம். நான் பார்த்ததாக எழுதுவதை மட்டும் கொஞ்சம் கழித்துப் படிக்க வேண்டும்.

முதல் தடவை, போன ஆடியில் குற்றாலம் ஐந்தருவியில். குளித்துவிட்டுப் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தவள் முகமெல்லாம் சிவந்து, வாந்தி எடுத்து, அப்படியே சரிந்தாள். தலையில் தண்ணீர் விழுந்த அதிர்ச்சி என்றார்கள். இரண்டாவது, தையில் வாசுதேவநல்லூரில் அவள் தம்பி வீட்டுக் கல்யாணத்தில், பந்தியிலிருந்து எழுந்ததும். பித்தம் என்றார்கள். இலையில் கத்தரிக்காய் இருந்தது. மூன்றாவது, பங்குனியில் வீட்டிலேயே. மேலெல்லாம் அரிப்பு, வயிற்றுப்போக்கு, பிறகு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் பிரஷர் மெஷின் எண்ணே காட்டவில்லை. அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் கண் திறந்தாள்.

ஒருவர் இதயம் என்றார். ஒருவர் வாயு என்றார். ஒருவர் மனப்பதட்டம் என்றார். அதைக் கேட்டு ரெங்கம் படுத்தபடியே என்னைக் காட்டிச் சிரித்தாள். “பதட்டமா? அது இவ்வொளுக்கு, டாக்டர். ஆளு மாத்திப் பாத்துட்டிய.”

அவளுடைய வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு ஜூலை 24 என்று நாள் குறித்தாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் இந்த மூன்று தடவையையும் கேட்டுவிட்டு, காரணம் தெரியாமல் நான் தொட மாட்டேன் என்றார். அப்படித்தான் திருநெல்வேலியில் டாக்டர் சாருலதாவிடம் போனோம். ஒவ்வாமை பார்க்கிறவர். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்: உடம்பில் ஆபத்துக்கு மணி அடிக்கிற அணுக்கள் உண்டு. மாஸ்ட் செல் என்று பெயர். சிலருக்கு அவை அளவுக்கு மேல் பெருகி, காரணமே இல்லாமல் வெடிக்கும். வெடிக்கும்போது கொட்டுகிற ரசாயனம் ரத்தத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஆனால் மூத்திரத்தில் சுவடு விட்டுவிட்டுப் போகும். நன்றாக இருக்கிற ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரச் சேகரிப்பு ஒன்று. மறுபடி வந்தால், வந்த உடனே தொடங்கி இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

“தெரியாமலே ஆபரேஷன் செய்தால்?” என்று கேட்டேன்.

“மயக்க மருந்தே அதைக் கிளப்பிவிடலாம் சார். மேசையிலேயே.”



13 ஜூன், வெள்ளி

வெள்ளையாக ஒரு கேன் கொடுத்திருக்கிறார்கள். மூத்திரம் முழுவதும் அதில் சேர வேண்டும். சேரும் நேரமெல்லாம் கேன் குளிரில் இருக்க வேண்டும். நான் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டைக் காலி செய்தேன். ரெங்கம் வந்து பார்த்தாள்.

“அது உள்ள வந்தா நான் வெளிய போயிருதேன்.”

“மூடி இருக்கு ரெங்கம். இறுக்கமான மூடி.”

“தோசை மாவு இருக்கு, பால் இருக்கு, சாமிக்கு வாங்குன பூ இருக்கு. அதுக்குப் பக்கத்துல என் மூத்திரமா? மூடி கேனுக்குத்தான. என் மனசுக்கு எங்க மூடி?”

சிவகிரியில் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கும் மகன் பாண்டியராஜுக்குப் போன் செய்து, அம்மாவிடம் நீ சொல் என்றேன். அவன் அவளிடம் பேசிவிட்டு என்னிடம், “அம்மா சொல்லுதது சரிதானப்பா, ஐஸ் பெட்டி ஒண்ணு வாங்குங்க” என்றான். போலீஸ்காரன் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு அம்மா பக்கம் தீர்ப்பு சொல்லிவிட்டான்.

15 ஜூன், ஞாயிறு

மீன் மார்க்கெட்டில் கிதிர் முகம்மதுவிடம் தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் சொல்லிவைத்தேன்.

“மீனு வேண்டாம், ஐஸ் மட்டுமா அண்ணாச்சி?”

“மருந்துக்கு.”

“மருந்துக்கா, சோடாவுக்கா?” பக்கத்துக் கடைக்காரன் சிரித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். மூத்திரத்துக்கு என்று சொல்வதைவிட சோடாவுக்கு என்று அவர்கள் நினைப்பது மேல்.

முட்டு வலி மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அது பரிசோதனையில் ஒரு அளவைக் குறைத்துக் காட்டுமாம். மூன்று நாளாக ரெங்கம் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். முனகல் இல்லை.

இன்னொன்று. குளியலறைத் தாழ்ப்பாளை அவள் இப்போதெல்லாம் போடுவதில்லை. கேட்டேன். “இறுகிக் கெடக்கு” என்றாள். தாழ்ப்பாளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டினேன். இப்போது ஒரு விரலால் போகிறது.

16 ஜூன், திங்கள்

சேகரிப்பு நாள். காலை ஆறு மணிக்கு முதல் மூத்திரத்தை விட்டுவிட வேண்டும், நாளை காலை ஆறு மணியுடையதைச் சேர்க்க வேண்டும். இடையில் ஒன்றும் தவறக்கூடாது. ஒவ்வொரு தடவையும் நான் பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ரெங்கம், “என்ன, அடைக்கோழியாட்டம் பெட்டிக்கு மேலயே இருக்கிய” என்றாள்.

மாத்திரை இல்லாததால் முட்டுக்கு இதமாக இருக்கட்டும் என்று வழக்கத்தைவிடக் கூடுதலாக வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். உள்ளேயிருந்து பேசிக்கொண்டே குளித்தாள். “பேப்பர்காரன் வந்தானா?” “கரண்ட் இருக்கா?” “மணி என்னாச்சு?” இது இரண்டு மாதமாகப் பழக்கமாகிவிட்டது. உற்சாகமாக இருக்கிறாள் என்று எழுதலாம். நான் பேப்பரில் மூழ்கி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டேன். திரும்பக் கேட்டாள், குரலை உயர்த்தி. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. வெளியே வர நேரமாயிற்று. முகம் சிவந்திருந்தது.

“வெந்நீர்ல குளிச்சா செவக்காதா? தள்ளுங்க, முட்டு வலிக்கி, படுக்கணும்.”

மாலைவரை படுத்திருந்தாள். முட்டு வலி.

நிகழ்வு: எதுவும் இல்லை.

17 ஜூன், செவ்வாய்

கேனைப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்படைத்தேன். மாதிரி வெளியூர் போகிறது. முடிவு வர மூன்று வாரம்.

20 ஜூன், வெள்ளி

ஊசி போடப் பழகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சிறு கண்ணாடிக் குப்பி, கழுத்தை உடைக்க வேண்டும், அரை மில்லி இழுக்க வேண்டும், தொடையின் வெளிப்பக்கம் நேராகக் குத்த வேண்டும், புடவைக்கு மேலேயே போடலாம். வந்துவிட்டது என்று சந்தேகப்பட்டாலே போடுங்கள், யோசிக்காதீர்கள் என்றார். என்னிடம் போய் யோசிக்காதீர்கள் என்கிறார்.

வெறும் தண்ணீரை இழுத்துக் கத்தரிக்காயில் குத்திப் பழகினேன். ரெங்கம் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

“நான் திங்கக்கூடாதுன்னு சொன்ன கத்தரிக்காய்க்கு ஊசி போடுதியளா? அதுக்கு என்ன நோவு?”

“இது பழக்கத்துக்கு.”

“பாவம், அது கையக்கூட ஆட்டாது. நான் ஆட்டுவேன். ஆட்டிக்கிட்டு இருக்கச்ச குத்திப் பழகுங்க.”

ஆறு கத்தரிக்காய் வீணாயிற்று.

25 ஜூன், புதன்

சாரல் பிடித்துவிட்டது. மேற்கே மலை தெரியவில்லை. குற்றாலம் ரோட்டில் வெளியூர் வண்டிகள்.

“ஒரு தடவ போயிட்டு வருவமா? குளிக்க வேண்டாம். நின்னு பாத்துட்டு வந்துருவோம்.”

கூடாது என்றேன். அவள் வாதாடவில்லை. அவள் வாதாடாமல் இருந்தது இதுதான் முதல் தடவையோ என்னவோ. சொல்பேச்சு கேட்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம்.

29 ஜூன், ஞாயிறு

கருவாட்டையும் நிறுத்தியாயிற்று. நிகழ்வு இல்லை.

4 ஜூலை, வெள்ளி

நிகழ்வு இல்லை. கத்தரிக்காய்தான் என்று எனக்கு ஏறக்குறைய உறுதி. எனக்கு உறுதியாகத் தோன்றும்போதெல்லாம் நான் பயப்படுவது வழக்கம்.

8 ஜூலை, செவ்வாய்

முடிவு வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரெங்கம் வெளியே பெஞ்சில் இருந்தாள்.

இரண்டு அளவுகள் எடுத்திருக்கிறார்கள். ஒன்று இயல்பான எல்லையைவிட அதிகம். இன்னொன்று எல்லையைப்போல மூன்று மடங்கு.

“நல்லா இருந்த நாள்ல எடுத்ததுதானே சார் இது?”

“ஆமா டாக்டர்.”

“அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலையா? அரிப்பு, சிவப்பு, வயித்துப்போக்கு?”

என் குறிப்பைக் காட்டினேன். நிகழ்வு: எதுவும் இல்லை. அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நடந்திருந்தா, இது அடிப்படை அளவு கிடையாது. திரும்ப எடுக்கணும். நடக்கலைன்னா, ஒண்ணும் இல்லாத நாள்லயே இவ்வளவு கொட்டுதுன்னு அர்த்தம். அப்ப எலும்பு மஜ்ஜை பார்க்கணும். ரெண்டும் வேற வேற பாதை. உறுதியாச் சொல்லுங்க.”

“நாள் முழுக்கப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்” என்றேன். சொன்னது நான்தான். அறைக் கதவு சாத்தியிருக்கவில்லை என்பதை வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன். ரெங்கம் பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். “என்ன, ஊருக்குப் போவமா?” என்றாள். பஸ்ஸில் ஆலங்குளம் தாண்டும்வரை ஒரு வார்த்தை இல்லை. வெயில் என்று நினைத்தேன்.

9 ஜூலை, புதன்

அவளிடம் நேராகவே கேட்டேன். அன்றைக்கு ஏதாவது இருந்ததா?

“ஒண்ணுமில்ல. இருந்தா சொல்ல மாட்டனா?”

முதல் நாள் எழுதிய நாலாவது தலைப்பின்படி அவள் சொன்னது சரி. அப்படியானால் தப்பு என்னிடம். ஐஸ் உருகி வெப்பம் ஏறியதா? மத்தியானம் கண்ணயர்ந்தேனே, அப்போது மூடி சரியாக இருந்ததா? கிதிர் முகம்மதுவின் ஐஸ் சுத்தமானதுதானா? கேனுக்கு வெளியே இருக்கிற ஐஸ் எப்படி உள்ளே போகும் — எனக்கே தெரிகிறது, ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

11 ஜூலை, வெள்ளி

எலும்பு ஆஸ்பத்திரியிலிருந்து போன். 24-ஐ வைத்துக்கொள்வதா, வேறு ஆளுக்குக் கொடுப்பதா? விட்டால் அடுத்து இரண்டு மாதம் கழித்துத்தானாம். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

பாண்டியராஜ் வந்திருந்தான். “லேப்ல மாத்தி வச்சிருப்பானுவப்பா. அம்மா ஒண்ணுமில்லங்குதாவ. நீங்களும் ஒண்ணும் பாக்கல. ரெண்டு சாட்சி ஒண்ணுபோல சொன்னா நான் கேஸையே மூடிருவேன். எத்தன நாளைக்கு அம்மா சுவத்தப் பிடிச்சு நடப்பாவ?”

ரெங்கம் அவனுக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். “ஆப்பரேசன் செஞ்சிருவோம். நான் ரெடி” என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. தம்ளரைப் பார்த்துச் சொன்னாள்.

12 ஜூலை, சனி

டாக்டருக்குப் போன் செய்து, ஐஸ் உருகிவிட்டது, மாதிரி கெட்டிருக்கும், அந்த முடிவைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? உருகவில்லை. ஆனால் உருகவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியுமா?

ஒரு பக்கம் தாள். ஒரு பக்கம் நான், ரெங்கம், பாண்டியராஜ். மூன்று பேர் தப்பாக இருப்போமா?

திங்கள் காலையில் சொல்லிவிடுகிறேன்.

14 ஜூலை, திங்கள்
ஆஸ்பத்திரி

நேற்று எழுத முடியவில்லை.

ஞாயிறு காலை. வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். அவள் உள்ளே போனாள். நான் கூடத்தில் பேப்பரோடு. “பேப்பர்காரன் வந்தானா?” வந்தாச்சு என்றேன். “என்ன போட்டிருக்கான்?” அணை நீர்மட்டம் வாசித்தேன். “மணி என்ன?” சொன்னேன்.

பிறகு கேள்வி வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதை எழுதித்தான் ஆக வேண்டும். அப்பாடா என்று இருந்தது. அடுத்த பக்கம் திருப்பினேன். எதையோ படித்தேன்.

மோந்து ஊற்றும் சத்தம் இல்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ரெங்கம்?”

கதவைத் தள்ளினேன். திறந்துகொண்டது. சுவரோடு சாய்ந்து கிடந்தாள், முகம் கழுத்து மார்பு எல்லாம் சிவந்து, உதடு வீங்கி. மூச்சில் ஒரு விசில். கண் என்னைப் பார்த்தது, ஆனால் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் போட்டிருந்தால்? நான் துடைத்து எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் — போட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? யாரைக் கூப்பிட்டிருப்பேன்?

முதல் குப்பி கையிலேயே நொறுங்கிவிட்டது. ரத்தம் என்னுடையது. இரண்டாவதுதான் கடைசி. உடைத்தேன். இழுத்தேன். குத்தினேன். அது போயிற்று. அவள் தொடை கத்தரிக்காய் மாதிரி இல்லை. யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

108 வந்தது. வண்டியில் கொஞ்சம் தெளிந்து ஏதோ முணுமுணுத்தாள். குனிந்து கேட்டேன்.

“கேனு எடுத்தாச்சா?”

எடுத்திருந்தேன். மறுபடி வந்தால் சேகரிக்க என்று டாக்டர் கொடுத்திருந்த இரண்டாவது கேன். எப்போது எடுத்தேன், தெரியாது. ஐஸ்தான் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கிதிர் முகம்மதுவுக்குப் போன் செய்து, இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன், எதற்கு ஐஸ் என்று. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் கொண்டுவந்தான். மீன் வாடை. பெட்டியை வைத்துவிட்டு, “ஆச்சி எப்படி இருக்காவ?” என்றான். சோடாவைப் பற்றிப் பேச்சில்லை.

டாக்டர் சாருலதா போனில் சொன்னபடி ரத்தமும் உடனே எடுத்துவிட்டார்கள். இரவெல்லாம் இரண்டாவது ஊசிக்கு அவசியம் வரவில்லை.

இன்று திங்கள். இன்று காலைதான் ஐஸ் உருகியது என்று நான் போன் செய்வதாக இருந்தது.

15 ஜூலை, செவ்வாய்

மாலை. வார்டில் கூட்டம் குறைந்த பிறகு அவளே தொடங்கினாள்.

“அன்னைக்கும் இதான்.”

“என்னைக்கு?”

“ஒங்க கேனு நாளு. கொஞ்சமா வந்துச்சு. மேலெல்லாம் நமநமன்னு அரிச்சு, கண்ணு இருட்டி, குந்திட்டேன். அரிப்புக்குப் போடுத அவில் மாத்திரை ஒண்ணு முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். போட்டுக்கிட்டு, சரியானப்புறம் வெளிய வந்தேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“ரெண்டு மூணு தடவ.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா எழுதுவிய. நீங்க எழுதிட்டா அது நெசமாயிரும். ஒவ்வொண்ணா நிறுத்துவிய. கத்தரிக்கா போச்சு, கருவாடு போச்சு, அருவி போச்சு. அந்த டாக்டரம்மா எலும்புக்குள்ள பாக்கணும்னு சொன்னது வெளிய எனக்குக் கேட்டுச்சு. எலும்புக்குள்ள என்னத்த பாப்பாவ? ஒங்க கூட வேல பாத்த குத்தாலிங்கம் அண்ணாச்சி சம்சாரத்துக்கு அப்படித்தான பாத்தாவ. மூணு மாசம்.”

“பயமா இருந்துச்சா ரெங்கம்?”

“பின்னே?”

பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு:

“தெனமும் அந்தக் கதவுக்குள்ள போறப்பல்லாம் பயந்தான். அதான் தாப்பா போடல. அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க பதில் சொல்லுத சத்தம் வந்தாத்தான் அடுத்த செம்பு ஊத்துவேன். நான் கேக்குதத நிறுத்திட்டா வந்துருவியன்னு ஒரு கணக்கு. நீங்க என்னடான்னா தாப்பாளுக்கு எண்ண போடுதிய.”

சிரித்தாள். எனக்கு வரவில்லை.

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“ஒரு வீட்டுல பயப்பட ஒரு ஆளு போதும். ரெண்டு பேரும் பயந்தா சோறு யாரு பொங்க?”

16 ஜூலை, புதன்

ஜூன் 16-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். பேச்சு, பிறகு சத்தமின்மை, தாமதம், சிவப்பு, படுக்கை. எல்லாம் அதில் இருக்கிறது. நான்தான் எழுதியிருக்கிறேன். அதன் கீழே நிகழ்வு எதுவும் இல்லை என்றும் நான்தான் எழுதியிருக்கிறேன்.

டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. “அப்ப மூத்திரம் சரியாத்தான் சொல்லியிருக்கு” என்றார். சூடான தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், அழுத்தித் தேய்ப்பது, வலி, பயம் — எது வேண்டுமானாலும் கிளப்பலாமாம். கத்தரிக்காய்க்கு எதிராக ஒரு ஆதாரமும் இல்லையாம். பழுது லைனில் இல்லை. பழுதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கிற ரிலேயே சின்ன அதிர்வுக்கும் விழுகிற மாதிரி இருக்கிறது. இது எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

24-ஐ வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கட்டும்.

7 ஆகஸ்ட், வியாழன்

இரண்டாவது கேனின் முடிவு. முதலாவதைவிடப் பல மடங்கு. ரத்தமும் அதையே சொல்கிறது. எந்த நிகழ்வும் இல்லாத ஒரு நாளில் மூன்றாவது ஒன்றும் எடுக்கிறோம். இந்தத் தடவை நிகழ்வை அவளே அவள் கையால் எழுதுவதாக ஏற்பாடு. அளவு இவ்வளவு கூடியிருப்பதால் மஜ்ஜையும் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர்; மதுரையில், அடுத்த வாரம்.

“நீங்க உள்ள வருவியளா?”

“விட்டா வருவேன்.”

“விடாட்டா கதவுக்கு வெளிய நின்னு பேப்பர் படிங்க. சத்தமா.”

14 ஆகஸ்ட், வியாழன்

மதுரை. விடவில்லை. சத்தமாகப் படித்தேன். நர்ஸ் வந்து மெதுவாகப் படிக்கச் சொன்னார். உள்ளேயிருந்து ரெங்கம், “அவ்வொ படிக்கட்டும்மா” என்றாள்.

29 ஆகஸ்ட், வெள்ளி

மாஸ்ட் செல் நோய்தான். ஆனால் மெதுவாகப் போகிற வகை. “இதோடயே வயசாகி வாழுற ஆளுங்க நிறைய” என்றார் டாக்டர். தினமும் மாத்திரை. ஊசி எப்போதும் கையில். ஆபரேஷன் செய்யலாம், முன்கூட்டியே மருந்து கொடுத்து, சில மருந்துகளைத் தவிர்த்து.

குத்தாலிங்கம் மனைவிக்கு வந்தது வேறு என்று ரெங்கத்திடம் டாக்டரே விளக்கினார். அவள் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் ஆலங்குளம்வரை பேசிக்கொண்டே வந்தாள்.

11 செப்டம்பர், வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்து, “ஒண்ணும் நடக்கலை” என்றார். நம்பினேன். பிறகு, நிச்சயமாகத்தானா என்று இன்னொரு தடவை கேட்டேன்.

5 அக்டோபர், ஞாயிறு

வாக்கரைப் பிடித்து அவளாகவே குளியலறைவரை போகிறாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறேன். தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கதவுக்கு வெளியே இன்னொரு நாற்காலி, அது எனக்கு.

இன்று மத்தியானம் எண்ணெய்க் கத்தரிக்காய் குழம்பு. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். நான் ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். “அதுக்கும் ஒரு எல போடவா?” என்றாள்.

குளிக்கும்போது காலையில் கேட்டாள்: “பேப்பர்காரன் வந்தானா?”

பேப்பர் என் கையில் விரிந்து கிடந்தது; வந்தாச்சு என்றால் நான் அதில் மூழ்கிவிட்டேன் என்று பயப்படுவாள். “இன்னும் வரலை, இங்கனயே உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றேன். செம்பில் தண்ணீர் மோந்து ஊற்றுகிற சத்தம் கேட்டது.

முதல் நாள் போட்ட தலைப்புகளை இப்போது எடுத்துப் பார்த்தேன். மூன்றாவதை டாக்டரே அடித்துவிட்டார், அதில் எனக்கு வருத்தமில்லை. கத்தரிக்காயிடம் மன்னிப்புக் கேட்டால் போதும். நாலாவதை யாரும் அடிக்கவில்லை. அதை நான்தான் அடிக்க வேண்டும். இந்த வீட்டில் பயந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. நாலாவதாக நான் எழுதியது தப்பு.